மகளிர் வரலாற்றில் ஒரு பக்கம்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாள். மார்ச் 8 உலக மகளிர் நாள். இரண்டும் ஒரே காலாண்டில் வருவதால், இந்த இதழில் இரண்டுக்கும் பொருத்தமான ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர் பெயர் நம் பகுதிக்குப் புதிதல்ல. தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் கர்ப்பிணிகள் எல்லோரும் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று படிவத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. நம் வீட்டில் வேலை செய்யும் பெண்களின் மகள்களும் மருமகள்களும் அந்த உதவியைப் பெற்றிருப்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், பழைய காலத்து டாக்டரம்மா என்பதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். அவர் ஒரு சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார் என்பதும், இந்தியப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு லண்டன் வரை சென்றவர் என்பதும் அவ்வளவாகத் தெரிவதில்லை.

புதுக்கோட்டைச் சிறுமி

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர். பெண்ணை ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டு, சீக்கிரமே மணம் முடித்துவிடும் காலம் அது. முத்துலட்சுமிக்கும் வீட்டில் அந்த நெருக்கடி வந்தது. அவர் படிக்க விரும்பினார். வயதுக்கு வந்த பெண் பள்ளிக்குப் போகக்கூடாது என்ற வழக்கம் இருந்ததால், தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். தனித் தேர்வராக எழுதி மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்த கேள்வி கல்லூரி. மகாராஜா கல்லூரி ஆண்கள் படிக்கும் இடம். ஒரு பெண்ணைச் சேர்த்தால் மற்ற மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. தாயின் பிறப்பைச் சொல்லியும் சிலர் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு, சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். அத்தனை மாணவர்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக அங்கே படித்தார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல் நலம் அவ்வளவு உறுதியாக இல்லாத பெண். படிப்பில் மட்டும் யாருக்கும் பின்வாங்கவில்லை. பதக்கங்களும் பரிசுகளும் பெற்று 1912இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவு பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்கும் வேலைக்கும் குறுக்கே நிற்கக்கூடாது என்பது மணமகள் தரப்பு நிபந்தனை. அவரும் சம்மதித்தார், கடைசிவரை அதைக் காப்பாற்றினார். இரண்டு மகன்கள் பிறந்தார்கள். வீடு, குழந்தைகள், நோயாளிகள் என்று ஒரு மருத்துவரின் நிறைவான வாழ்க்கை அமைந்துவிட்டது. அதோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாக்கு என்பது அன்று யாருக்கு?

அவரைப் பொதுவாழ்வுக்குள் இழுத்தது மருத்துவமனையே. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிரசவத்துக்கு வந்த சிறுமிகளை அவர் பார்த்தார். மருந்தால் தீர்க்க முடியாத நோய்கள் அவை, சட்டத்தாலும் கல்வியாலும் தீர்க்க வேண்டியவை என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் சட்டம் செய்யும் இடத்தில் பெண்களே கிடையாது.

1917இல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் அதை முன்னின்று நடத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து, ஆண்களுக்குத் தரும் வாக்குரிமையைப் பெண்களுக்கும் தர வேண்டும் என்று கேட்டது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தரவில்லை. முடிவை ஒவ்வொரு மாகாணச் சட்டசபையும் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டது. அதனால் 1920இல் நடந்த தேர்தலில் பெண்கள் வாக்களிக்கவில்லை.

1921இல் சென்னை மாகாணச் சட்டசபை அந்தத் தடையை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் சென்னைதான் இதில் முந்திக்கொண்டது. 1923 தேர்தலில் சென்னை மாகாணப் பெண்கள் முதல் முறையாக வாக்களித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, நம் பாட்டிகளும் கொள்ளுப்பாட்டிகளும் அன்றே வாக்களித்திருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். குறிப்பிட்ட அளவு நிலவரியோ வீட்டு வரியோ செலுத்துபவர்களுக்குத்தான் வாக்கு. ஆண்களிலேயே பெரும்பாலோருக்கு அது இல்லை. பெண்கள் பெயரில் சொத்து மிகக் குறைவு என்பதால், நூற்றில் ஒரு பெண்கூட வாக்காளர் ஆகவில்லை. நம் பகுதி அன்று மதுரை மாவட்டத்தின் பெரியகுளம் தாலுகா. முல்லைப் பெரியாறு தண்ணீர் வந்து கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைந்துகொண்டிருந்த காலம். அந்த வயல்களில் நாற்று நட்ட பெண்ணுக்கும், களையெடுத்த பெண்ணுக்கும், மலையேறி ஏலக்காய் பறித்த பெண்ணுக்கும் சென்னைச் சட்டசபையில் யார் உட்கார வேண்டும் என்று சொல்ல வழியில்லை. பட்டா யார் பெயரில் இருந்ததோ அவருக்கு வாக்கு. வயலில் நின்றவருக்கு இல்லை.

சட்டசபையில் ஒரு டாக்டர்

1925இல் முத்துலட்சுமி பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். 1926இல் பாரிஸ் நகரில் உலகப் பெண்கள் வாக்குரிமை மாநாடு நடந்தது. அதில் இந்திய மாதர் சங்கத்தின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். மாநாடு நடந்த பிரான்ஸ் நாட்டிலேயே பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை. 1944இல்தான் அங்கே கிடைத்தது. நியூசிலாந்துப் பெண்கள் 1893இலேயே பெற்றிருந்தார்கள். பக்கத்தில் இலங்கையில் 1931இல் வயது வந்த ஆண் பெண் இருபாலருக்கும் கிடைத்தது. சுவிட்சர்லாந்துப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1971 வரை காத்திருந்தார்கள். முன்னேறிய நாடு, பின்தங்கிய நாடு என்ற கணக்கெல்லாம் இதில் செல்லாது. பெண்கள் எங்கே விடாமல் கேட்டார்களோ, கேட்டது யார் காதில் விழுந்ததோ, அதைப் பொறுத்துத்தான் நடந்தது.

1926இல் பெண்கள் சட்டசபை உறுப்பினராகலாம் என்று வழி திறந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயா மங்களூரில் போட்டியிட்டு மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தேர்தல் வழியாக ஒரு பெண்ணும் உள்ளே வராத நிலையில், அரசு முத்துலட்சுமியை நியமன உறுப்பினராக அறிவித்தது. நோயாளிகளை விட்டுவிட்டு அரசியலுக்குப் போவதா என்று அவருக்குத் தயக்கம் இருந்தது. மாதர் சங்கத்தினரின் வற்புறுத்தலில் ஒப்புக்கொண்டார். 1927இல் சட்டசபையின் துணைத் தலைவராக உறுப்பினர்கள் அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவில் ஒரு சட்டசபையின் துணைத் தலைவரான முதல் பெண் அவர்.

சுமார் நான்கு ஆண்டுகள்தான் அந்தப் பதவியில் இருந்தார். அதற்குள் அவர் எழுப்பிய விஷயங்களைப் பாருங்கள். பள்ளி மாணவிகளுக்கு மருத்துவப் பரிசோதனை. ஏழைப் பெண்குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை. குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வசதி. பெண்களின் திருமண வயதை உயர்த்துவது. பெண்களை வைத்து நடக்கும் விபசார விடுதிகளை ஒழிப்பது. ஆண்கள் மட்டும் இருந்த சபையில் அதுவரை இவை பேசப்படாத விஷயங்கள். அங்கிருந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. பிரசவ அறைக்குள் போய்ப் பார்த்தவர் அவர்களில் யாரும் இல்லை. அதுதான் காரணம்.

குழந்தைத் திருமணத்துக்கு எதிராகச் சென்னைச் சட்டசபையில் அவர் ஆதரவு திரட்டினார். மத்திய சட்டசபையில் ஹர்பிலாஸ் சார்தா கொண்டுவந்த மசோதா 1929இல் சட்டமாகி, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை வைத்தது. 1930இல் சென்னை மாகாணத்தில் விபசாரத் தடைச் சட்டம் வந்தது.

இருபது ஆண்டுப் போராட்டம்

அவர் வாழ்க்கையின் பெரிய போராட்டம் தேவதாசி முறையைப் பற்றியது. சிறு வயதிலேயே பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதும், அந்தப் பெண் பிறகு யாரோ ஒரு செல்வந்தரின் தயவில் வாழ வேண்டியிருப்பதும் அவருக்குக் கேள்விப்பட்ட கதை இல்லை. தாய்வழி உறவிலேயே பார்த்தது. 1927இல் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடை செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தைச் சட்டசபையில் கொண்டுவந்தார்.

எதிர்ப்பு பல பக்கங்களிலிருந்து வந்தது. மரபைக் குலைக்கிறார் என்றார்கள் சிலர். தேவதாசிப் பெண்களிலும் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்கள் அவர்களில் உண்டு. எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பிழைப்பையும் பறித்துவிட்டு என்ன தரப் போகிறீர்கள் என்பது அவர்களின் கவலை. அதைத் தவறு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மறுபக்கம், அதே மரபில் வாழ்ந்து வெளியேறிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இந்த முறைக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்.

1929இல் முதல் வெற்றி கிடைத்தது. கோயில் பணிக்காக அந்தப் பெண்களுக்குத் தரப்பட்டிருந்த மானிய நிலங்களைப் பணிக் கட்டாயத்திலிருந்து விடுவித்து, அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் அது. ஆசிரமத்தையோ அறிவுரையையோ தருவதற்கு முன் நிலத்தைத் தந்த சட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். பொட்டுக் கட்டுவதையே முழுவதுமாகத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேற 1947 ஆகிவிட்டது. தீர்மானத்திலிருந்து சட்டம் வரை இருபது ஆண்டுகள்.

ஏன் இவ்வளவு தாமதம்? காரணங்கள் பல. ஒன்று நமக்கு இன்று முக்கியமானது. 1930இல் உப்பு சத்தியாக்கிரகத்தின்போது காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைத் துறந்தார். அவர் நியமன உறுப்பினர். அவருக்குப் பின்னால் அந்தச் சட்டத்தை விரும்பும் வாக்காளர் கூட்டம் இல்லை. எந்தச் சிறுமிகளுக்காகப் பேசினாரோ அவர்களின் தாய்மார்களுக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவர்களின் அவசரம் ஆட்சியில் இருப்பவர்களுக்கு அவசரமாகத் தெரிவதில்லை. ஒரு நல்ல மனிதரை அரசே தேர்ந்தெடுத்து உள்ளே அனுப்பினால் நல்ல பேச்சுகள் நடக்கும், சில நல்ல சட்டங்களும் வரும். அவர் வெளியேறிய அன்று அந்த நாற்காலி காலியாகிவிடும்.

லண்டனில் ஒரு சாட்சியம்

பதவியை விட்ட பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. தேவதாசி வாழ்க்கையை விட்டு வெளியேற விரும்பிய இளம்பெண்கள் அடைக்கலம் தேடி அவர் வீட்டுக்கு வந்தார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்க்கத் தயங்கின. தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. அடையாறில் இன்றும் ஆதரவற்ற பெண்குழந்தைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள்.

மறுபுறம் வாக்குரிமைப் போராட்டம் தொடர்ந்தது. மாதர் சங்கத்தின் இதழான ஸ்திரீ தர்மாவின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். புதிய அரசியல் சட்டம் தயாராகிக்கொண்டிருந்த நேரம். சொத்து உள்ள பெண்களுக்கு, படித்த பெண்களுக்கு, வாக்காளரின் மனைவிக்கு என்று பிரித்துப் பிரித்து வாக்கு தருவதைப் பற்றி அரசு யோசித்தது. 1933இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக் குழு லண்டனில் விசாரணை நடத்தியபோது, ராஜகுமாரி அம்ரித் கௌர், ஷரீஃபா ஹமீத் அலி ஆகியோருடன் முத்துலட்சுமியும் சென்று இந்தியப் பெண்கள் அமைப்புகளின் சார்பில் சாட்சியம் அளித்தார். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்பதே அவர்களின் நிலை. சொத்தோ, படிப்போ, கணவரோ அதற்குத் தகுதியாகக் கூடாது என்றார்கள். மதத்தின் பெயரால் பெண்களின் வாக்கைப் பிரிப்பதையும் எதிர்த்தார்கள்.

கேட்டது கிடைக்கவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் சுமார் 60 லட்சம் பெண்களுக்கு வாக்கு தந்தது. வாக்குப் பெற்ற ஆண்கள் கிட்டத்தட்ட 2 கோடியே 90 லட்சம். வாக்காளரான ஓர் ஆணின் மனைவியோ விதவையோ என்ற தகுதியில் வாக்குப் பெற்றவர்கள் அந்தப் பெண்களில் நிறையப் பேர்.

சுதந்திரம் வந்த பிறகே அந்தக் கோரிக்கை முழுமையாக நிறைவேறியது. அரசியல் நிர்ணய சபையில் 15 பெண்கள் இருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோர் அவர்களில் அடக்கம். அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவு வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்றது. பட்டா கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை, கணவர் யார் என்றும் கேட்கவில்லை. அன்று வயது 21. 1989இல் அது 18 ஆனது.

பெயர் சொல்லாத 28 லட்சம் பேர்

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரிக்க வீடு வீடாகப் போனார்கள். வட மாநிலங்கள் பலவற்றில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவானார்கள். சொந்தப் பெயரைச் சொல்லத் திரும்ப அவகாசம் கொடுத்தும் பலர் சொல்லவில்லை. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப்பட்ட பதிவுகளை நீக்கச் சொன்னார். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். உரிமை சட்டத்தில் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லை. அடுத்த தேர்தலுக்குள் சொந்தப் பெயரோடு வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். அவர் எடுத்த அந்த உறுதியான முடிவால் பிற்பாடு கோடிக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரிலேயே வாக்காளர் ஆனார்கள்.

முத்துலட்சுமி அம்மையார் அந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். தங்கை ஒருவர் புற்றுநோயால் இறந்த துயரத்தை அவர் மறக்கவில்லை. நிதி திரட்டி, அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை அமைக்க முனைந்தார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அது செயல்படத் தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அதை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தார்கள். 1956இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி, 81ஆவது வயதில் காலமானார்.

நம் பள்ளத்தாக்கில் இன்று

தமிழ்நாட்டில் இன்று ஆண் வாக்காளர்களை விடப் பெண் வாக்காளர்கள் அதிகம். 1989இல் போடிநாயக்கனூர் தொகுதியில் வென்ற ஒரு பெண் தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். பின்னாளில் அவரே ஆண்டிபட்டி தொகுதியிலிருந்து முதலமைச்சராகவும் இருந்தார். கட்சி எதுவாயினும், ஜெயலலிதாவின் அந்த வெற்றிகள் நம் மண்ணின் வரலாறு. உள்ளாட்சியில் முதலில் மூன்றில் ஒரு பங்கு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பாதி இடங்கள் பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. நியமனத்தில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தூரம்.

ஆனாலும் 1951ஆம் ஆண்டுச் சிக்கல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேறு உருவத்தில் இருக்கிறது. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த ஊர்ப் பட்டியலில் இருக்கும். வாடகைக்கு வந்தவர்கள், இது நம் ஊர் இல்லையே என்று பெயரை மாற்றாமல் இருப்பார்கள். மகனுக்கு 18 ஆனதும் பைக் உரிமத்துக்கு ஓடுவோம், மகளின் பெயரைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுவோம். வாக்காளர் அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்திருக்க மாட்டோம். அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்களிக்க முடியாது. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால், ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போன்ற ஆவணங்களைக் காட்டி வாக்களிக்கலாம்.

செய்ய வேண்டியவை சில:

1. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் அல்லது 1950 என்ற எண்ணில், வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்களின் பெயரைப் பார்த்துவிட்டு மற்றவர்களுடையதும் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

2. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றத்துக்கும் பெயர், வயதுத் திருத்தத்துக்கும் படிவம் 8. திருமணமாகி வந்தவர்களுக்குப் படிவம் 8தான் சரி. இரண்டு ஊர்களில் பெயர் இருப்பது சட்டப்படி தவறு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியைக் கணக்கில் வைத்து 18 வயது நிறைவடைந்தவர்களைச் சேர்க்கிறார்கள்.

3. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இங்கே வாக்காளராகும் உரிமை உண்டு. வழக்கமாக வசிக்கும் இடம்தான் கணக்கு. சொந்த வீடு இருக்க வேண்டும் என்பதில்லை.

4. 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்களும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வந்த சில நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

5. நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளியின் குடும்பத்தினர் பட்டியலில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். படிவம் நிரப்ப உதவுங்கள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களுக்கு ஒரு நாள் கூலி என்பது சின்ன விஷயமில்லை. நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு அன்று சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

6. யாருக்கு வாக்களிப்பது என்பது ரகசியம். அது வீட்டுக்குள்ளும் ரகசியம்தான். மனைவியோ, மருமகளோ, வேலை செய்பவரோ, அவரவர் முடிவு அவரவருக்கு.

கடைசியாக நம் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பொதுக்குழுவில் ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. பதிவேட்டில் கையெழுத்துகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஆண்களுடையவை. பத்திரத்தில் மனைவியின் பெயரும் சேர்ந்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு. தண்ணீர் லாரி எப்போது வருகிறது, லிஃப்ட் எத்தனை முறை நிற்கிறது, குழந்தைகள் விளையாடும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்தவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. அடுத்த பொதுக்குழுவுக்கு அவர்களும் வரட்டும். தொலைபேசிப் பட்டியலிலும் பிளாட் எண்ணுக்குப் பக்கத்தில் சார் வீடு என்று எழுதாமல், வீட்டில் உள்ள பெண்களின் பெயரையும் எழுதித் தாருங்கள்.

முத்துலட்சுமி அம்மையார் சட்டசபைக்குப் போனபோது அவருக்கு வாக்களித்தவர் ஒருவரும் இல்லை. நமக்கு வாக்கு இருக்கிறது. வாக்காளர் படிவங்களை நிரப்புவதில் சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.